உயரம் குறைந்த கார்: ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் பழுதறியும் அட்டவணைகள் பற்றி ஒரு திறனாய்வு

காரின் உடற்பகுதி தரையிலிருந்து எவ்வளவு மேலே நிற்கிறது என்பதே அதன் நிற்கும் உயரம். சாதாரணக் காரில் இதைச் சுருள்வில் தீர்மானிக்கிறது. ஆள் ஏறினால் கார் தாழும், இறங்கினால் எழும். முழுமையான ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் உள்ள காரில் பாரம் கூடினாலும் குறைந்தாலும் உயரம் மாறாமல் இருக்கும்படி ஒரு தானியங்கித் திருத்தி பார்த்துக்கொள்கிறது. அந்த உயரம் கெட்டுப்போனால் பழுது பார்ப்பவர் முதலில் தேடுவது 'குறை – காரணம் – தீர்வு' என்று மூன்று பத்தி போட்ட அட்டவணை. கையேடுகளின் பின்பக்கத்திலும் பயிற்சிக் குறிப்புகளிலும் பட்டறைச் சுவர்களிலும் இத்தகைய அட்டவணைகளைக் காணலாம்.

இக்கட்டுரை அந்த அட்டவணைகளைப் பற்றியது. அவற்றில் உள்ள வரிகள் பெரும்பாலும் பொய்யல்ல. அவை வரிசை தவறியவை என்பதே இங்கு வைக்கப்படும் குற்றச்சாட்டு. உயரம் என்பது நோயன்று, காய்ச்சல்மானி காட்டும் அளவு போன்றது. அட்டவணையோ அந்த அளவையே திருத்தச் சொல்கிறது.

== அமைப்பு சுருக்கமாக ==

இவ்வகைச் சஸ்பென்ஷனைக் கார்களில் முதலில் கொண்டுவந்தது பிரான்ஸின் சித்ரோயன் நிறுவனம். 1954-இல் ஒரு காரின் பின்சக்கரங்களுக்கு மட்டும் பொருத்திப் பார்த்தார்கள். 1955 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் வெளியான டிஎஸ் 19 காரில் நான்கு சக்கரங்களுக்கும் வந்தது. இதை உருவாக்கியவர் பால் மாஜெஸ்.

எஞ்சினால் இயங்கும் பம்பு, தொட்டியிலுள்ள ஆயிலை உயர் அழுத்தத்தில் அனுப்புகிறது. ரெகுலேட்டர் அந்த அழுத்தத்தை ஏறத்தாழ 145 முதல் 170 பார் வரையிலான எல்லைக்குள் வைத்திருக்கிறது. அங்கிருந்து ஆயில் முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று என இரண்டு உயரத் திருத்திகளுக்குப் போகிறது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு சிலிண்டரும், அதன் தலையில் ஓர் இரும்புக் கோளமும் உண்டு. கோளத்துக்குள் ரப்பர் சவ்வு. சவ்வின் ஒருபுறம் நைட்ரஜன், மறுபுறம் ஆயில். வில்லின் வேலையைச் செய்வது நைட்ரஜன். ஆயில் சுமையைக் கடத்துகிறது, உயரத்தையும் நிர்ணயிக்கிறது. கார் தாழ்ந்தால் திருத்தியின் வால்வு நகர்ந்து ஆயிலை உள்ளே விடும். கார் உயர்ந்தால் ஆயிலைத் தொட்டிக்குத் திருப்பிவிடும்.

பாஸ்கல் விதியும் பாயில் விதியும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் வேலை செய்யும் இடம் இது. பள்ளியில் முதல் விதிக்கு ஹைட்ராலிக் ஜாக்கையும் இரண்டாம் விதிக்கு ஊசிக்குழாயையும் காட்டிவிட்டு இரண்டையும் தனித்தனி நாளில் முடித்துவிடுகிறோம். அட்டவணையின் பிழைகள் பல, இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்காததால் வந்தவை.

== முதற்குறை: எந்த அமைப்பு என்று கேட்பதில்லை ==

பிரெஞ்சு ஆட்சி புதுச்சேரியின் நிர்வாகத்தை ஒப்படைத்தது 1954 நவம்பர் 1-இல். டிஎஸ் வெளிவந்தது அதற்கு மறு ஆண்டு. எனவே பக்கத்திலேயே பிரெஞ்சு ஊர் இருந்தும் விழுப்புரம், திண்டிவனம் பட்டறைகளுக்கு இந்தக் கார் பழக்கப்படவில்லை. சித்ரோயன் பெயர் இங்கே பரவலாகத் தெரியவந்தது 2021 ஏப்ரலில், சி5 ஏர்கிராஸ் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோதுதான். அந்தக் காரைத் திருவள்ளூர் ஆலையில் பூட்டினார்கள்.

இங்கே ஒரு குழப்பம் நேர்ந்தது. அந்தக் காரின் விளம்பரத்தில் 'ஹைட்ராலிக்' என்ற சொல் இருந்தது. ஆனால் அதில் இருப்பது மேற்சொன்ன அமைப்பு அன்று. அதைத் தாங்கி நிற்பது சாதாரணச் சுருள்வில்லே. ஷாக் அப்சார்பருக்குள் அசைவின் கடைசி எல்லையில் மட்டும் வேலைசெய்யும் ஹைட்ராலிக் தடுப்புகள் உள்ளன. பள்ளத்தில் இறங்கும்போது 'டக்' என்று இடிக்காமல் மெதுவாக நிறுத்துவது அவற்றின் வேலை. உயரத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. அதில் பம்பு இல்லை, கோளம் இல்லை, உயரத் திருத்தியும் இல்லை.

ஆகவே 'ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் உள்ள கார் தாழ்ந்துவிட்டது' என்ற புகாருக்குப் பழைய அட்டவணையைத் திறந்தால் முதல் வரியிலேயே வழி தவறும். தாழ்ந்த ஏர்கிராஸில் பார்க்கவேண்டியது சுருள்வில், வில்லின் இருக்கை, புஷ், டயர் ஆகியவை. அட்டவணையின் முதல் வரி 'உயரம் குறைவு' என்றிருக்கிறது. 'இந்தக் கார் எதன்மேல் நிற்கிறது?' என்பதே முதல் வரியாக இருந்திருக்க வேண்டும்.

== இரண்டாம் குறை: உயரத்தையும் மென்மையையும் ஒன்றாக்குவது ==

'கார் தாழ்ந்தால் கோளத்தை மாற்று' என்பது அட்டவணைகளில் அடிக்கடி வரும் வரி. கேட்க நியாயமாகவே தோன்றும். வாயு கசிந்தால் பலூன் சுருங்குகிறது, அதுபோல் காரும் தாழும் என்று எண்ணுகிறோம். ஒரு சிறு கணக்குப் போட்டால் விஷயம் தெளியும்.

எளிமைக்காக, 400 கன செ.மீ. கோளத்தில் 50 பார் அழுத்தத்தில் நைட்ரஜன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தச் சக்கரத்தின்மேல் வரும் சுமையைத் தாங்கச் சிலிண்டரில் 100 பார் தேவை என்க. பாயில் விதிப்படி வாயு 200 கன செ.மீ. ஆகச் சுருங்கும். மீதி இடத்தை ஆயில் நிரப்பும். இப்போது வாயுவில் பாதி கசிந்துவிட்டது, வெறும் கோளத்தில் அழுத்தம் 25 பார் என்று கொள்வோம். காரின் எடை மாறவில்லை. ஆகவே சிலிண்டரில் வேண்டியது அதே 100 பார்தான். வாயு 100 கன செ.மீ. ஆகிறது. கூடுதலாகக் கிடைத்த 100 கன செ.மீ. இடத்தைத் திருத்தி ஆயிலால் நிரப்பிவிடுகிறது. உயரம் அப்படியே இருக்கும்.

மாறியது மென்மை. அதே அழுத்தத்தில் பாதி அளவு வாயுவே இருப்பதால் வில் இரண்டு மடங்கு விறைப்பாகிறது. கார் கட்டைவண்டி போல் குதிக்கும், ஆனால் சரியான உயரத்தில் நின்று குதிக்கும். வாயு முழுவதும் போனபின்னும் எஞ்சின் ஓடும்வரை கார் உயரத்தில் நிற்கக்கூடும்.

கோளம் தீர்ந்ததன் அடையாளம் விறைப்பு. உயரக் குறைவுக்குக் காரணம் ஆயிலின் பாதையில் இருக்கிறது. இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லாத அட்டவணையை நம்பியவர் நான்கு கோளங்களுக்குப் பணம் கொடுத்த பிறகும் காரின் வயிறு தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

== மூன்றாம் குறை: எந்தப் பக்கம் என்று பிரிப்பதில்லை ==

முன்னும் பின்னும் சேர்ந்து தாழ்ந்திருந்தால் இரண்டுக்கும் பொதுவானதைப் பார்க்கவேண்டும். ஆயில் அளவு, தொட்டியிலுள்ள வடிகட்டி, பம்புக்கு வரும் உறிஞ்சு குழாயில் காற்று இழுப்பு, பம்பின் பெல்ட், ரெகுலேட்டரின் வடிப்புத் திருகு ஆகியவை அவை. ஒரு முனை மட்டும் தாழ்ந்திருந்தால் அந்த முனையின் திருத்தி, அதை இயக்கும் ராடு, அந்த முனையின் கசிவு.

இடமோ வலமோ ஒரு பக்கம் மட்டும் சாய்ந்திருந்தால்? அட்டவணைகள் இங்கும் 'திருத்தியைச் சரிசெய்' என்கின்றன. சித்ரோயன் அமைப்பில் ஓர் அச்சுக்கு ஒரு திருத்திதான். அது நிலைப்படுத்தும் தண்டின் நடுப்பகுதியிலிருந்து உயரத்தை உணர்கிறது. இடது, வலது சிலிண்டர்களின் ஆயில் பாதைகள் ஒன்றோடொன்று இணைந்தவை. ஒரு பக்கத்தை மட்டும் உயர்த்தும் திறமை அந்தத் திருத்திக்கு இல்லை. பக்கச் சாய்வுக்குக் காரணம் இறுகிப்போன சக்கரக் கையின் பேரிங், வளைந்த தண்டு அல்லது உடற்பகுதி, சமமற்ற டயர்க்காற்று போன்ற இரும்பு ரப்பர் விஷயங்களில்தான் இருக்கும்.

இரவில் நிறுத்திவிட்டுக் காலையில் பார்த்தால் கார் தாழ்ந்திருப்பதையும் சில அட்டவணைகள் பழுது என்கின்றன. டிஎஸ் முதல் பிஎக்ஸ் வரையிலான பழைய கார்களில் இது இயல்பு. திருத்தியின் வால்வு உலோகத்தோடு உலோகம் உரசும் நுண்ணிய பொருத்தம், அதன் வழியே ஆயில் மெல்லக் கசிவது எதிர்பார்த்ததே. பின்னர் வந்த எக்ஸ்எம், ஜான்டியா கார்களில் இதைத் தடுக்கத் தனி வால்வு சேர்த்தார்கள். சில மணி நேரத்தில் தாழ்வது வேறு, சில நிமிடத்தில் தாழ்வது வேறு. கால அளவைக் குறிக்காமல் 'தாழ்கிறது' என்று மட்டும் எழுதிய வரியால் பயனில்லை.

== நான்காம் குறை: கடைசிப் படியை முதலில் வைப்பது ==

'திருத்தி ராடின் கிளாம்பைத் தளர்த்தி வேண்டிய உயரத்துக்குத் திருப்பு' என்பதே எல்லாவற்றிலும் கவர்ச்சியான தீர்வு. ஒரு ஸ்பானர் போதும், பத்து நிமிட வேலை, பலன் கண்முன் தெரியும். கார் எழுந்து நிற்கும், வாடிக்கையாளர் மகிழ்வார்.

கேள்வி இதுதான்: நேற்றுவரை சரியாக இருந்த கிளாம்ப் இன்று எப்படித் தவறாயிற்று? கிளாம்ப் நழுவினால் ஒழிய, யாரும் தொடாத அளவு தானாக மாறாது. மாறியது வேறு ஏதோ ஒன்று. ராடைத் திருப்பியதால் அது மறைக்கப்பட்டதே தவிர நீக்கப்படவில்லை. துரு பிடித்து இறுகிய இணைப்பு நாளை மழையில் நனைந்து கொஞ்சம் தளர்ந்தால், கார் இப்போது தேவைக்கு மேல் உயரத்தில் நிற்கும்.

நோட்ஸ் புத்தகத்தில் விடையைப் பார்த்துவிட்டு அதற்கேற்பக் கணக்கின் இடைவரிகளை எழுதும் மாணவனை எல்லா ஆசிரியர்களும் பார்த்திருப்போம். விடை சரியாக இருக்கும், மாணவனுக்குக் கணக்கு தெரியாது. ராடைத் திருப்புவதும் அப்படித்தான்.

அளக்கும் முறையே முதலில் சரியாக இருக்கவேண்டும். சமதளம், நான்கு டயரிலும் உரிய காற்று, எஞ்சின் ஓட்டத்தில், நெம்புகோல் சாதாரண நிலையில். காரின் அந்த முனையைக் கையால் தூக்கி விட்டுவிட்டு அது நிலைகொண்டதும் ஒருமுறை அளக்கவேண்டும். பிறகு கீழே அழுத்தி விட்டுவிட்டு அது எழுந்து நின்றதும் ஒருமுறை. திருத்தி வேண்டுமென்றே தாமதமாக வேலை செய்வது, ஆகவே சற்றுப் பொறுத்திருந்து அளக்கவேண்டும். இரண்டு அளவின் சராசரியே உண்மை உயரம். இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருந்தால் எங்கோ உராய்வு இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் கிளாம்பைத் தொடவே கூடாது. இந்த இரட்டை அளவு தயாரிப்பாளரின் கையேட்டில் சொல்லப்பட்ட முறைதான். சுருக்கி எழுதும்போது அட்டவணையிலிருந்து உதிர்ந்துபோவது பெரும்பாலும் இந்த வரியே.

== ஐந்தாம் குறை: பிரேக்கைப் பற்றிய மௌனம் ==

இது மிகப் பெரிய குறை. 2001-இல் வந்த சி5-க்கு முந்தைய இவ்வகைக் கார்களில் பிரேக்கும் சஸ்பென்ஷனும் ஒரே ஆயில் அமைப்பில் இயங்கின. முன் பிரேக்குக்கு முன்னுரிமை வால்வு உண்டு. பல மாடல்களில் பின் பிரேக்கின் அழுத்தம் பின் சஸ்பென்ஷன் பாதையிலிருந்தே வருகிறது. பின்பாரம் கூடினால் பின் பிரேக்கும் வலுக்கும் என்பது வடிவமைப்பின் அழகு. பின் சஸ்பென்ஷனில் அழுத்தம் இல்லாவிட்டால் பின் பிரேக்கும் தளரும் என்பது அதன் மறுபக்கம். ஆகவே அழுத்தமின்மையால் தாழ்ந்த காரை 'மெதுவாக ஓட்டிக்கொண்டு வாருங்கள்' என்று சொல்லக்கூடாது. அட்டவணை இதை 'வசதிக் குறைபாடு' என்ற தலைப்பில் வைக்கிறது.

வேலை செய்பவரின் உயிரும் இதில் உண்டு. அழுத்தத்தில் நிற்கும் காரின் ஒரு குழாயைத் தளர்த்தினால் உடற்பகுதி ஒரே மூச்சில் தரைக்கு வந்துவிடும். எழுந்து நிற்கிறதே என்று ஸ்டாண்டு வைக்காமல் அடியில் நுழையலாகாது. ஊசிமுனைக் கசிவிலிருந்து வரும் உயர் அழுத்த ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடும். கசிவைக் கையால் தடவித் தேடக்கூடாது, ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்கவேண்டும். குழாயைக் கழற்றுமுன் ரெகுலேட்டரின் வடிப்புத் திருகால் அழுத்தத்தை இறக்கவேண்டும்.

ஆயிலின் நிறமும் முக்கியம். தொடக்கக் கார்களில் சிவப்பு ஆயில், 1960-களின் பிற்பகுதியிலிருந்து பச்சை நிறக் கனிம ஆயில், 2001 சி5-இலிருந்து ஆரஞ்சு நிறச் செயற்கை ஆயில். பச்சை அமைப்பில் கடையில் கிடைக்கும் சாதாரண பிரேக் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊறிக் கெடும். 'ஆயில் குறைந்தால் நிரப்பு' என்ற ஒற்றை வரி, எந்த ஆயில் என்று சொல்லாவிட்டால் அமைப்பு முழுவதையும் அழிக்கவல்லது.

== நம் சாலையில் இதன் பொருத்தம் ==

இங்கே அத்தகைய கார்கள் எத்தனை ஓடுகின்றன, இவ்வளவு எழுத வேண்டுமா என்று வாசகர் கேட்கலாம். அதே அட்டவணைப் பழக்கம் வேறு உருவில் நம் சாலையில் தினமும் ஓடுகிறது.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே ஏறத்தாழ 40 கி.மீ. சென்னையிலிருந்து தெற்கே போகும் நெடுந்தூரப் பேருந்துகள் இரவெல்லாம் இந்த வழியே போகின்றன. விக்கிரவாண்டி பக்கத்துச் சாலையோர உணவகங்களில் அவை வரிசையாக நிற்கும்போது பார்த்தால், ஒன்றிரண்டு ஒரு பக்கம் சாய்ந்து நிற்கக் காணலாம். இவற்றில் பல காற்று சஸ்பென்ஷன் கொண்டவை. ஆயிலுக்குப் பதில் அழுத்தக் காற்று, கோளத்துக்குப் பதில் ரப்பர் பெல்லோ, உயரத் திருத்திக்குப் பதில் லெவலிங் வால்வு. கருத்து அதேதான்.

திண்டிவனத்தில் ஒரு பட்டறையில் இப்படிச் சாய்ந்த பேருந்து ஒன்றைப் பார்த்தேன். லெவலிங் வால்வின் ராடை நீட்டி நேராக்கி அனுப்பினார்கள். சில நாளில் அதே பேருந்து அதே சாய்வோடு திரும்பியது. அப்போதுதான் சோப்பு நீரைத் தடவிப் பார்த்தார்கள். பெல்லோவின் அடிமடிப்பில் வெடிப்பு, குமிழி குமிழியாகக் காற்று. முதல் நாளே ஒரு குவளைச் சோப்பு நீரில் முடிந்திருக்கவேண்டிய சோதனை அது. இடையில் அந்த வண்டி எத்தனை இரவு, எத்தனை பயணிகளோடு ஓடியதோ! பெல்லோ ஓடும்போது கிழிந்தால் வண்டி ஒரு பக்கம் இடிந்து உட்காரும்.

இங்கேயும் ஓர் எச்சரிக்கை. பேருந்துகளில் பொதுவாக முன்னே ஒரு லெவலிங் வால்வும் பின்னே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டும் வைக்கிறார்கள். ஆகவே பின்பக்கச் சாய்வுக்கு வால்வும் காரணமாக இருக்கலாம். சித்ரோயன் காரில் அது இயலாது. ஓர் அமைப்பின் அட்டவணையை இன்னொன்றுக்குப் படியெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

இந்தத் தொழில்நுட்பம் நமக்கு முற்றிலும் அந்நியமானதும் அன்று. ஆவடியில் வடிவமைத்து அங்கேயே உற்பத்தி செய்யும் அர்ஜுன் டாங்கியின் சக்கரங்கள் வாயுவும் ஆயிலும் சேர்ந்த சஸ்பென்ஷனில்தான் நிற்கின்றன.

== சொற்கள் பற்றி ==

தமிழில் இதை எழுதுவோர் 'நீரியல் தொங்கல்' என்று எழுதுவதுண்டு. நீரியல் என்பது ஆறு, ஏரி, நிலத்தடி நீர் பற்றிய துறைக்கும் வழங்கும் பெயர். தொங்கல் என்றால் மாணவர் மனத்தில் வருவது காதணி. இரண்டும் சேர்ந்து கருத்தை மறைக்கின்றன. பட்டறையில் வழங்கும் 'ஹைட்ராலிக் சஸ்பென்ஷன்' என்பதையே எழுதலாம். தமிழாக்க விரும்பினால் 'நீர்மவளித் தாங்கமைப்பு' எனலாம். நீர்மமும் வளியும் சேர்ந்து தாங்குகின்றன என்ற செய்தி பெயரிலேயே வந்துவிடுகிறது. கோளம் மென்மைக்கு, ஆயில் உயரத்துக்கு என்ற பாடத்தையும் அந்தப் பெயரைக் கொண்டே தொடங்கலாம்.

== அட்டவணைக்குச் சாதகமாக ==

அட்டவணை வேண்டாம் என்பதல்ல வாதம். அனுபவமுள்ளவருக்கு அது நினைவூட்டி. நடுச்சாலையில் நின்ற வண்டிக்குப் பக்கத்தில் பாடம் நடத்த நேரமில்லை. அதன் வரிகளை வாய்ப்பின் வரிசையில் அல்லாமல் சோதனையின் வரிசையில் அடுக்கினாலே பாதிக் குறை நீங்கும். அந்த வரிசையை இவ்வாறு வைக்கலாம்:

# எந்த வகைச் சஸ்பென்ஷன் என்று உறுதிசெய்க.
# டயர்க்காற்று, சமதளம், ஏற்றிய பாரம் பார்க்க.
# எஞ்சினை ஓடவிட்டு, நெம்புகோலை மிக உயர்ந்த நிலையில் வைத்து ஆயில் அளவையும் நிறத்தையும் பார்க்க.
# அந்த நிலைக்குக் கார் எழுகிறதா? எழுந்தால் அழுத்தம் இருக்கிறது, குறை பெரும்பாலும் ராடு இணைப்பிலோ திருத்தியிலோ. எழாவிட்டால் பம்பு, வடிகட்டி, ரெகுலேட்டர்.
# ரெகுலேட்டரின் 'டிக்' ஒலியைக் கேட்க. சில விநாடிக்கு ஒருமுறை ஒலித்தால் உள்கசிவு உண்டு, அல்லது அழுத்தச் சேமிப்புக் கோளத்தில் வாயு இல்லை.
# முன், பின், பக்கம் என்று குறையைப் பிரிக்க.
# தூக்கியும் அழுத்தியும் இருமுறை அளந்து உராய்வைக் காண்க.
# இவை அனைத்தும் சரியாக இருந்து, உயரம் மட்டும் தவறாக இருந்தால் கிளாம்பைத் தொடுக.

முதல் ஏழு படிகளில் எதையும் மாற்றவில்லை, பார்க்கவும் கேட்கவும் அளக்கவும் மட்டுமே செய்கிறோம். செலவும் ஏறத்தாழ இல்லை. ஸ்பானர் எட்டாம் படியில்தான் கைக்கு வருகிறது. பழைய அட்டவணையில் அது முதல் படியிலேயே கையில் இருந்தது. பட்டறைச் சுவரில் அட்டவணை ஒட்டியிருப்பவர்கள் அதைக் கிழிக்க வேண்டாம். வரிகளை மேலிருந்து கீழாக மாற்றி எழுதி ஒட்டினால் போதும்.